காயாத சுவர்

"ஆணி எங்க, வசந்தா?"

சுபைதா பாஜி இப்படிக் கேட்டபோது என் கையில் டீ டம்ளர் இருந்தது. அவருக்காகப் போட்ட டீ. கொடுக்க மறந்து நானே ஒரு வாய் குடித்துவிட்டேன். அவ்வளவு பதற்றம்.

அறையில் நல்ல வெளிச்சம். ஆம்பூரில் எங்கள் வீட்டு முன்னறை ஜன்னல் வடக்குப் பார்த்தது. அந்த ஒரு ஜன்னலுக்காகவே தண்ணீர் சரியாக வராத அந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். ஜன்னலுக்கு எதிரே என் தோள் உயரத்துக்கு ஒரு கேன்வாஸ். அறை முழுக்க டர்பன்டைன் வாசனை. படத்தில் பழைய காலத்து வெளிநாட்டுச் சமையலறை ஒன்று. இடது பக்கம் ஜன்னல், கீழே மேசை, மேசைமேல் ரொட்டிக் கூடை, ஒரு மண்ஜாடி, பின்னால் பெரிய வெற்றுச் சுவர். மூன்று மாதத்துக்கும் மேலாக நான் உட்கார்ந்து, நின்று, குனிந்து வரைந்த படம்.

பாஜி என்றால் உருதுவில் அக்கா. எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு மதம் கிடையாது. பாஜி முகத்திரையை மேலே தள்ளிவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றார். ரொட்டியைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அந்த ரொட்டியின் மொறுமொறுப்புக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பார்க்கவில்லை. ஜாடியையும் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆணி, பாஜி?"

"சுவர்ல ஒரு ஆணி இருக்கும். பக்கத்துல புடுங்கின ஓட்ட இருக்கும். கீழ காரை பேந்திருக்கும். அதெல்லாம் எங்க?"

"அதெல்லாம் டேமேஜ் பாஜி. நான் சரி பண்ணிட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னேன். பாஜி திரும்பி என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அவர் முகம் வாடிப்போய்விட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாத்தான் இருக்குது வசந்தா. ஆனா இது அது இல்ல."

அவர் புதுவீட்டில் பால் காய்ச்சுவதற்கு இரண்டு வாரம்கூட இல்லை.

கட்டை விரல்காரர்கள்

இந்தத் தொடரை நடுவில் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் படக்கடை வீட்டுப் பெண் இல்லை, ஓவியக் கல்லூரி வாசலையும் மிதித்ததில்லை. ஆலங்காயத்தில் பிறந்து, ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருபது வருஷத்துக்கு மேல் நிறம் பார்த்தவள். வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் தோலை அனுப்பி 'இதே நிறம் வேண்டும்' என்பான். அதே நிறத்தைக் கலந்து கொண்டுவர வேண்டும். அதற்கு ஷேடு மேட்சிங் என்று பெயர். கொஞ்சம் சிவப்பு ஜாஸ்தியானால் சரக்கு திரும்பி வரும். என் கையால் போன சரக்கு திரும்பி வந்ததில்லை. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். உண்மை உண்மைதான்.

தேவாலயத்துக் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் வைக்க ஒரு மலை வரைந்து கொடுக்கப்போய், அங்கிருந்து ஆயில் பெயின்ட் என்னைப் பிடித்துக்கொண்டது என்று முன்பே எழுதியிருக்கிறேன். உலகத்துப் பெரிய மியூசியங்களில் தொங்குகிற பழைய படங்களை, வீட்டுச் சுவருக்கு ஏற்ற அளவில், கையாலேயே எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுப்பது என் தொழில். பிரிண்ட் எடுத்து மேலே வார்னிஷ் தடவுகிற வேலை அல்ல. 

'நகல் எடுப்பதெல்லாம் ஒரு கலையா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஐயா, ஒரு வெள்ளைத் துணியை வெயிலில் போட்டு, நிழலில் போட்டு, டியூப்லைட்டுக்குக் கீழே போட்டு, மூன்றும் ஒரே வெள்ளைதானா என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி இன்னொன்று சொல்லாவிட்டால் இந்தக் கதை ஓடாது. தோல் தொழிலில் இருப்பவன் எதையும் கண்ணால் மட்டும் பார்த்து நம்பமாட்டான். கட்டை விரலை வைத்து அழுத்தி, ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தால்தான் அவனுக்கு நிம்மதி. வளையுதா, வெடிக்குதா, சாயம் விரலில் ஒட்டுதா? முதலாளியிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரை எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஜவுளிக் கடையில் புடவையை அழுத்துவார்கள், பேக்கரியில் கேக்கை அழுத்துவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த என் மாமனார் முதலில் எங்கள் வீட்டுச் சோபாவின் கைப்பிடியைத்தான் அழுத்திப் பார்த்தார். 'ரெக்சின்' என்று முணுமுணுத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். நல்லவேளை, என்னை நிராகரிக்கவில்லை.

பல் டாக்டரும் வேர்க்கடலையும்

அசலை அப்படியே வரைந்து கொடுங்கள் என்று கேட்கிறவர்கள் கம்மி. இது நான் தொழிலுக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டது.

நாட்றம்பள்ளியில் ஒரு பல் டாக்டர், கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு மர்மமாகச் சிரிக்கிற அந்தப் பெண்ணின் படத்தைக் கேட்டார். பெயரைச் சொல்லத் தேவையில்லை, பிஸ்கட் டப்பாவில்கூட வந்துவிட்ட முகம். "மேடம், ஒரே ஒரு மாத்தம். பல்லு தெரியணும்" என்றார். மறுத்துவிட்டேன். அவர் அதற்காக என்மேல் கோபப்படவில்லை, என் கடைவாய்ப் பல்லைப் பார்த்து உடனே எடுக்கச் சொன்னார்.

ஒடுகத்தூர் பக்கம் ஒரு விவசாயி. மகள் கட்டிய வீட்டுக்கு, மஞ்சள் கோதுமை வயல் படம் ஒன்றைப் பிடித்துப்போய்க் கேட்டார். ஆனால் கோதுமை கூடாதாம். "நம்ம ஊர்ல ஏதும்மா கோதும? வேர்க்கடல போட்டுடு." நான் அவரிடம், "போட்டுடறேன்ணே. ஆனா கடல பூமிக்கு அடியில இல்ல இருக்குது? மேல வெறும் செடிதான் தெரியும்" என்றேன். அவர் நெடுநேரம் யோசித்தார். கடைசியில் கோதுமையே இருக்கட்டும் என்று போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் மணி வேலூர் பஸ் ஓட்டுகிறவர். இந்தக் கதைகளையெல்லாம் ரசித்துக் கேட்பார். ஆனால் நான் வேலையை விடுகிறேன் என்றதும் ரசனை நின்றுவிட்டது.

"இது வரைக்கும் போட்டதெல்லாம் சின்னப் படம். ஒரு பெரிய வீட்டு சுவர்ல ஒரு பெரிய படம் ஏறட்டும். நாலு பேரு பாக்கட்டும். அப்புறம் விடு" என்றார்.

நியாயமான பேச்சுதான். பாஜி தன் புதுவீட்டுக்குப் பெரிய படம் கேட்டு வந்ததும் கம்பெனியில் சம்பளமில்லாத லீவு கேட்டேன். ஃபினிஷிங் மேனேஜர் குமரேசன் சார் தலையைச் சொறிந்தார். "உன் கண்ணு எனக்கு வேணும் வசந்தா. படத்த முடி. அந்த வீட்டு விசேஷம் முடியிற வரைக்கும் உன் சீட்ட காலியா வெச்சிருக்கேன். அதுக்கு மேல வெக்க முடியாது." இப்படியாகக் கணக்கு தெளிவாகிவிட்டது. பாஜி வீட்டுச் சுவரில் அந்தப் படம் நின்றால் நான் ஓவியக்காரி. இறங்கினால், விசேஷத்துக்கு மறுவாரம் திங்கட்கிழமை காலையில் பழையபடி சாயத் துண்டுகளுக்கு நடுவே உட்கார வேண்டியதுதான்.

பெண்ணை எடுத்துடு

பாஜி முதன்முதலாக என் வீட்டுக்கு வந்த நாளைச் சொல்கிறேன்.

அவர் கணவரை ஊரே ஹாஜி சாப் என்றுதான் கூப்பிடும். சொந்தமாகத் தோல் பதனிடும் கம்பெனி. பல வருஷங்களுக்கு முன், தோல் கண்காட்சிக்கு வெளிநாடு போனபோது பாஜியையும் அழைத்துப் போயிருக்கிறார். அவருக்கு நாள் முழுக்க வியாபாரப் பேச்சு. மனைவியை ஒரு மியூசியத்தில் விட்டு, டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டார். பாஜி கைப்பையில் சப்பாத்திச் சுருளோடு சுற்றிவிட்டு, ஒரு படத்துக்கு முன்னால் நின்றவர் நின்றவர்தான்.

"அதுல ஒருத்தி ஜாடியிலேர்ந்து பால் ஊத்துறா. நான் வீட்ல தெனம் ஊத்தறதுதான். அதப் பாக்கறதுக்குப் போயி அத்தினி ஜனம் வரிசையில நிக்குது. எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. அப்புறம் அழுகையும் வந்துடுச்சி. ஏன்னு கேக்காத."

நான் கேட்கவில்லை. அந்தப் படம் எது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இதைப் படிக்கிற பலருக்கும் தெரிந்திருக்கும்.

"புது வீட்ல சாப்புடற ஹால்ல அது வேணும் வசந்தா. ஆனா அந்தப் பொண்ண எடுத்துடு."

"எடுத்துடறதா?"

"நாங்க தொழுவுற வீட்ல மொகம் இருக்கிற படம் மாட்டறதில்ல. அது எங்க வழக்கம். எனக்கும் அதான் இஷ்டம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்."

உண்மையை மறைப்பானேன், எனக்குச் சுருக்கென்றது. மணப்பெண் இல்லாமல் கல்யாணமா? அந்தப் பெண்ணின் மஞ்சள் மேல்சட்டையையும் இடுப்பில் கட்டிய நீலத் துணியையும் கலந்து பார்க்க எத்தனை நாளாகக் கை துடித்துக்கொண்டிருந்தது! வீட்டுக்கு வந்த மணியிடம் புலம்பினேன். "நல்லதா போச்சி, பாதி வேல மிச்சம்" என்றார் அவர். பஸ் ஓட்டுகிறவர்களிடம் கலையைப் பற்றிப் பேசக்கூடாது.

ஆனால் பாதி வேலை மிச்சமாகவில்லை. ஜாடியைக் காற்றில் தொங்கவிட முடியாதே, அதை மேசையில் இறக்கி வைத்தேன். அதுவும் எளிது. சிக்கல் எங்கே வந்தது என்றால், பெண் நின்றிருந்த இடத்துக்குப் பின்னால். அங்கே ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரை அந்தப் பழைய ஓவியரே வரையவில்லை. உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. நான்தான் முதன்முதலாக வரைய வேண்டும். நகல் எடுக்க வந்த எனக்கு நகலெடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

இருபது வருஷம் செய்த வேலையைக் கை மறக்காது. தோலில் உண்ணி கடித்த புள்ளி இருக்கும், முள் கீறிய கோடு இருக்கும், மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பு இருக்கும். அவற்றையெல்லாம் தேய்த்து, பூசி, நிறத்தை ஒரே சீராக்குவதுதான் ஃபினிஷிங். ஒரு தோலின் கழுத்திலிருந்து வால் வரை ஒரே ஷேடு இருந்தால் ஏ கிரேடு. நான் அந்தப் படத்தின் சுவரையும் அப்படியே முடித்தேன். ஆணியும் ஓட்டையும் காரை பெயர்ந்த இடமும் அசல் படத்தின் அச்சில் தெளிவாகத் தெரிந்தன. நான் பார்க்காமல் இல்லை. பார்த்துத்தான் பூசினேன். பழைய படம், முன்னூற்றுச் சொச்சம் வருஷம், பாவம் கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்குப் பட்டது. அந்தச் சுவரைப்போல ஏ கிரேடு சுவரை நான் என் ஆயுளில் முடித்ததில்லை.

அதைத்தான் பாஜி பார்த்து, ஆணி எங்கே என்று கேட்டார்.

குதிரைமேல் கிடந்தது

அன்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புமுன் பாஜி வாசலில் நின்று சொன்னார்.

"அவ மொகம் எனக்கு நெனப்புல இல்ல வசந்தா. அந்த சுவருதான் நெனப்புல இருக்குது. நான் கட்டிக்கிட்டு வந்த வீட்டு அடுப்பங்கரை சுவரு அப்படியேதான். கரண்டி மாட்ட யாரோ அடிச்ச ஆணி, யாரோ புடுங்கின ஓட்ட. அந்த சுவரப் பாத்துக்கிட்டேதான் அத்தினி வருஷம் ஆக்கி எறக்குனேன். இப்ப கட்டியிருக்கிற வீட்ல சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி பட்டி பூசி வெச்சிருக்காங்க. ஒரு ஆணி அடிக்கக்கூடாதுன்னு இவரு ஆர்டரு. உன் படத்தையே மேல கம்பி கட்டித்தான் தொங்க விடணும்."

அப்புறம், போகிற போக்கில், "அவருக்குப் புடிக்கலன்னா அன்னிக்கே எறக்கிடுவாரு. அது அவரு போட்ட கண்டிஷனு. நான் சொல்லிட்டேன்" என்றார்.

பாஜி போன பிறகு நான் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கத்தியை எடுத்து ஆணி இருந்த இடத்தைச் சுரண்டினேன். ஒரு ஓட்டை வரைந்தேன். அழகான ஓட்டை. வட்டமாக, நடுவில், நிழலோடு. பார்க்கவே சகிக்கவில்லை. சுவரில் ஓட்டை பொட்டு மாதிரி ஒட்டியிருந்தது. மறுநாளும் வரைந்தேன், அழித்தேன். நிறம் எனக்குத் தெரியும். கெட்டுப்போவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கெட்டுப்போனதை மறைக்கத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் கம்பெனிக்குப் போனேன். சீட்டைத் திரும்பக் கேட்கத்தான் போனேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். மணிக்குக்கூட அன்று சொல்லவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தோற்றுப்போனால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

குமரேசன் சார் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வா வா. விசேஷம் வரைக்கும் காத்திருக்க வேணாம்னு பாத்தியா?" என்று சொல்லிக்கொண்டே செக்‌ஷனுக்குள் கூட்டிப்போனார். புது மிஷின் வந்திருக்கிறது, புது ஆள் வந்திருக்கிறான், ஆனால் நீலத்தில் தடுமாறுகிறான் என்று பேசிக்கொண்டே வந்தார்.

வழியில் குதிரை நின்றிருந்தது. தோலைப் போட்டு வைக்கிற மரச்சட்டத்துக்கு எங்கள் பேச்சில் குதிரை என்று பெயர். அதன்மேல், சாயம் ஏறாத ஒரு தோல், தரம் தேறாது என்று தள்ளி வைத்தது, ஜன்னல் வெளிச்சத்தில் கிடந்தது. என் கட்டை விரல் தானாகப் போய் அதை அழுத்தியது. அழுத்தியபடியே நின்றுவிட்டேன்.

உண்ணிக் கடி எங்கே இருக்கும்? மாட்டுக்கு வால் எட்டாத இடத்தில். முள் கீறல் எங்கே இருக்கும்? வேலியை உரசிப்போகிற விலாவில். கழுத்துச் சுருக்கம், குனிந்து குனிந்து மேய்ந்ததால். ஒரு தழும்பும் சும்மா வந்து உட்காரவில்லை. மாடு என்ன செய்ததோ அது அந்த இடத்தில் இருந்தது. இத்தனை வருஷம் இதையெல்லாம் மறைக்கிற இடமாக மட்டும் பார்த்தேன். அப்படியானால் சுவரும் அதுதானே! ஆணி கை எட்டுகிற உயரத்தில்தான் இருக்கும். காரை, துடைப்பம் இடிக்கிற இடத்தில் பெயரும். பெண் தினமும் நின்ற இடத்தில், அவள் முதுகு சாய்ந்து சாய்ந்து, சுவர் கொஞ்சம் மழுங்கி, எண்ணெய் ஏறி, மற்ற இடத்தைவிட ஒரு ஷேடு மங்கலாக இருக்கும்.

குமரேசன் சார் இன்னும் நீலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"சார், நான் வர்றேன்" என்றேன்.

"எப்ப, திங்கக்கெழமையா?"

"வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்னேன் சார்" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவைப் பிடித்தேன்.

முழுச் சுவரையும் புதிதாகப் போட்டேன். தடிமனாக, கத்தியாலேயே வைத்தேன். மணி அந்த நாள்களில் தானே சோறு வடித்தார், பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, ஆனாலும் வடித்தார். பெண் நின்ற இடத்துச் சுவரில் அந்த மங்கலான எண்ணெய்ப் பளபளப்பைக் கொண்டுவந்த அன்று இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். ஆள் இல்லை. ஆனால் இப்போதுதான் அடுப்பைப் பார்க்க நகர்ந்திருக்கிறாள் என்று இருந்தது. பாஜிக்குப் போன் செய்து வரச் சொன்னேன். வந்தார், பார்த்தார். ஆணியின் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு பயம். தோலில் அடிக்கிற சாயம் மிஷினுக்குள் போய் வெளியே வருவதற்குள் காய்ந்துவிடும். ஆயில் பெயின்ட் அப்படி இல்லை. அதுவும் தடிமனாக வைத்தால் வாரக்கணக்கில் உள்ளே ஈரம் நிற்கும். விசேஷத்துக்கோ நாலைந்து நாள்தான் இருந்தது.

பால் காய்ச்சிய அன்று

படத்தைக் குட்டியானை வண்டியில் நிற்க வைத்து, நானும் மணியும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு போனோம். எதிரே வந்த மாட்டுக்கெல்லாம் மணி சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

புதுவீடு ஜில்லென்று இருந்தது. பாஜி சொன்னது சரி. சுவர்கள் அத்தனை வழவழப்பு. சாப்பாட்டு ஹாலில், இடது பக்க ஜன்னல் வெளிச்சம் விழுகிற சுவரில், மேலே கம்பியிலிருந்து படத்தைத் தொங்கவிட்டார்கள். நான் கீழே ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டேன். வருகிறவர்கள் எல்லாரிடமும் "ஈரம், ஈரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பாத்திஹா ஓதி முடிந்தது. உள்ளே பால் பொங்கியது. பிரியாணி தம் உடைக்கப்போகிற வாசனை வந்த நேரத்தில் ஹாஜி சாப் பத்துப் பதினைந்து பேரோடு ஹாலுக்குள் வந்தார். எல்லாரும் தோல்காரர்கள். நடுவில் குமரேசன் சாரும் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஹாஜி சாப் நாற்காலியை நகர்த்திவிட்டு முன்னால் வந்தார். வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை. மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா இது? ரொட்டி ஜோரா இருக்குது. ஜாடி ஜோரா இருக்குது. சுவரு மட்டும் ஓட்டயும் ஒடசலுமா இருக்குது? புது வீட்டுக்கு டேமேஜ் சுவரா?" அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "இத்தினி டிஃபெக்ட் இருந்தா நான் மூணாம் தரத்துல கூட சேக்கமாட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். குமரேசன் சாரும் சிரித்தார். சமையலறை வாசலில் பாஜி பால் கெட்டிலோடு நின்றிருந்தார். அவர் உருதுவில் ஏதோ சொன்னார். எனக்கு அந்த அளவுக்கு உருது புரியும். அசலே அப்படித்தான் என்று சொன்னார்.

"அசலா?" என்றார் ஹாஜி சாப். இன்னும் ஒரு அடி முன்னால் போனார்.

"சாப், தொடாதீங்க சாப், உள்ள இன்னும் காயல."

அவர் கேட்டாரோ இல்லையோ. ஐம்பது வருஷமாகத் தோலை அழுத்திய விரல், அது யார் பேச்சையும் கேட்காது. கட்டை விரல் போய்ச் சுவரை அழுத்தியது. ஆணிக்குக் கீழே, பெண் நின்றிருந்த அந்த மங்கலான இடத்தில். அழுத்தி, வழக்கம்போல ஒரு தள்ளும் தள்ளியது.

மேலே லேசாகக் காய்ந்திருந்த ஆடை உடைந்து விரல் உள்ளே இறங்கியது.

அவர் கையை எடுத்தார். சுவரில் ஒரு குழி. குழிக்குள் ரேகை வரிவரியாகத் தெரிந்தது. ஹாஜி சாப் தன் விரலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அத்தனை பெரிய மனிதர், சாக்பீஸ் உடைத்த பிள்ளை மாதிரி நின்றார்.

"யா அல்லா" என்றார்.

என் கை ஏற்கெனவே பைக்குள் போய்விட்டது. கத்தியும் பிரஷும் எப்போதும் என்னோடு இருக்கும். "ஒரு நிமிஷம் சாப், சரி பண்ணிடறேன்" என்று முன்னால் போனேன். இருபது வருஷத்துப் பேச்சு அது, வாயில் தானாக வரும்.

மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். பாஜி. கெட்டிலை எங்கோ வைத்துவிட்டு, தலை முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி, அத்தனை ஆண்களுக்கு நடுவே வந்து நின்றிருந்தார்.

"வேணாம் வசந்தா. அது இருக்கட்டும்."

"பாஜி, ஒரு நிமிஷ வேலதான்."

"இருக்கட்டும்னேன்." பிறகு கணவரைப் பார்த்தார். இந்த முறை உருதுவில் பேசவில்லை. எல்லாருக்கும் புரிகிற தமிழில், நிதானமாகச் சொன்னார். "கல்யாணம் ஆன நாளா இவரு அடுப்பங்கரை சுவரத் தொட்டதே இல்ல. இன்னிக்குத்தான் தொட்டிருக்காரு."

ஒரு நொடி ஹாஜி சாப் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அந்த ஒரு நொடியில் நான் திங்கட்கிழமைக்கு டிபன் பாக்ஸ்கூடக் கட்டிவிட்டேன். அப்புறம் அவர் சிரித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் தொப்பை குலுங்க. கூட்டமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு வராது. என் வேலை நிறம் பார்ப்பது.

"இது இங்கயே இருக்கட்டும்" என்றார். "யாரும் தொடாதீங்கப்பா, ஈரம்."

பிரியாணி சாப்பிட உட்கார்ந்தபோது குமரேசன் சார் என் பக்கத்தில் வந்து, "அப்ப திங்கக்கெழம..." என்று இழுத்தார்.

"நீலத்துல தடுமாறுறவன என்கிட்ட அனுப்புங்க சார், கத்துக் குடுக்கிறேன். சீட்ட அவனுக்கே குடுத்துடுங்க" என்றேன். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். கத்திரிக்காய்த் தொக்கில் காரம் ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தேன். மணி நம்பவில்லை, ஆனாலும் தண்ணீர் ஊற்றினார்.

ஆயில் பெயின்ட் சோப்புக்குப் போகாது. டர்பன்டைன் கொடுத்தேன், ஹாஜி சாப் வாங்கிக்கொள்ளவில்லை. அன்று முழுவதும் சுண்ணாம்புநிறக் கட்டை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "இது நம்மளது" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே போன் வர ஆரம்பித்தது. ஆம்பூரிலிருந்து, வாணியம்பாடியிலிருந்து, பேரணாம்பட்டிலிருந்தும்கூட. ஒருவருக்குப் பழங்கள் குவிந்த மேசை, ஒருவருக்கு மழை மேகம், ஒருவருக்கு வெறும் ஜன்னல். படம்தான் வேறு வேறு, கேட்டதெல்லாம் ஒன்றுதான். காய்வதற்கு முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும், வீட்டுக்காரர் அன்று வீட்டில் இருப்பார்.

பேசியவர்கள் எல்லாரும் பெண்கள்.